சந்தனம் வைத்த எஞ்சின்

மண்ணெண்ணெய் வாடையும் சாம்பிராணிப் புகையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷத்துப் புரட்டாசி மாதம் எங்கள் வீடு அப்படித்தான் மணந்தது. அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டிய வீடு எங்களுடையது. முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் அப்பாவின் ஜீப் மூடியைத் திறந்துகொண்டு வெறும் வயிற்றோடு நிற்க, அதன் எஞ்சின் துண்டு துண்டாகப் பிரிந்து வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. பிஸ்டன்கள் அம்மாவின் பழைய அன்னக்கூடையில் மண்ணெண்ணெயில் ஊறின. நட்டும் போல்ட்டும் ஊறுகாய் ஜாடிகளில் கிடந்தன. சோற்றில்கூட டீசல் மணக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டே அம்மா பரிமாறினார்.

அது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய டீசல் ஜீப். ஜவ்வாது மலையில் அப்போது தார் காணாத பாதைகள் நிறைய. அங்கே இருந்த ஒரு பெரிய மளிகைக் கடைக்கு வாரம் மூன்று நடை அரிசியும் பருப்பும் ஏற்றிப் போவதுதான் அப்பாவின் பிழைப்பு. ஒருநாள் ஏற்றத்து வளைவில் எஞ்சின் 'கடகட'வென்று அடித்துவிட்டு அப்படியே நின்றுபோனது. கயிறு கட்டி இழுத்து வந்ததைப் பிரித்துப் பார்த்தவர் பாஷா பாய். பட்டறையில் வேலை பார்த்த அவர் அப்பாவின் சிநேகிதர். தினமும் வேலை முடிந்ததும் எங்கள் கொட்டகைக்கு வந்துவிடுவார்.

"ஒரு பேரிங்குக்கு ஆயில் போகல ஏழுமலை, அதான் மொத்தமும் பிடிச்சுக்கிச்சு. இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா இரும்புக் கடைக்குதான்" என்றார் அப்பாவிடம். கடைக்காரரோ, பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் லோடு வந்தாக வேண்டும், இல்லையென்றால் இப்போது ஓடுகிற வேறு ஜீப்பையே வைத்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்த இரண்டு பேச்சும் என் காதில் விழுந்தன. விழாமல் இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். பரீட்சையில் கேள்வித்தாளையே மூன்று தரம் படித்துவிட்டுப் பதில் எழுத நேரமில்லாமல் எழுந்து வருகிறவள் நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றதற்கும், எதுவும் தப்பாகிவிடுமோ என்கிற அந்தப் பயம்தான் பாதிக் காரணம்.

வேலை நடுவில் ஆயுத பூஜை வந்தது. கடைசலுக்குப் போயிருந்த கிராங்க் முந்தின நாள்தான் பளபளவென்று திரும்பியிருந்தது. பிஸ்டன்கள் இதன்மேல்தான் ஏறி இறங்கிச் சுற்றும். எஞ்சினுக்கு முதுகெலும்பு மாதிரி. அம்மா எல்லா உருப்படிகளையும் கழுவித் துடைத்து, பழைய புடவையை விரித்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார். பிறகு சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "ஒண்ணுகூட விடாம வைம்மா, எது கோவிச்சுக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றார். விடாமல் வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தால் கேட்கவா வேண்டும்! போல்ட்டுக்கெல்லாம்கூட வைத்தேன். கிராங்கை ஆடாமல் பிடித்துக்கொண்டு பார்த்தபோது, அதில் அழகாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. பொட்டு வைக்கவே செய்து வைத்த இடம் மாதிரி இருந்தது. அதன்மேல் சந்தனத்தை அழுத்தி வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். பாஷா பாய் வாசலில் உட்கார்ந்து பொரியும் கடலையும் தின்றுகொண்டு, "எனக்கும் ஒரு பொட்டு வெச்சுடு பாப்பா, நானும் இந்த வீட்டு ஸ்பானர்தான்" என்றார்.

மறுநாளிலிருந்து இருவரும் துடைத்துத் துடைத்து மாட்டினார்கள். ஐந்து நாளில் எஞ்சினைப் பூட்டி மூடிவிட்டார்கள். பழைய டயர் ஒன்றின்மேல் அது கொட்டகையில் உட்கார்ந்திருக்க, அம்மா அதன் நெற்றி மாதிரி இருந்த இடத்தில் புதிதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

பௌர்ணமி அன்று சாயங்காலமே மலை சுற்ற வந்த கூட்டம் நடக்க ஆரம்பித்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த ஒரு அம்மாள், கொட்டகைக்குள் சந்தனமும் குங்குமமுமாக எதுவோ கறுப்பாக இருப்பதைப் பார்த்து, சட்டென்று செருப்பை விட்டுவிட்டுக் கை கூப்பினார். "அது எஞ்சின்ங்க" என்றேன். "இருக்கட்டும்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பொட்டைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கிராங்கில் நான் பொட்டு வைத்த அந்த ஓட்டைகள் எதற்கு என்று, பேரிங் மாட்டும்போது பாஷா பாய் அப்பாவிடம் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயில் வருகிற வழியே அதுதான்.

நேராகப் போய்ச் சொன்னேன். "பா, கிராங்குல ஆயில் வர்ற ஓட்டையில நான் சந்தனம் வெச்சிட்டேன்."

அப்பா என்னையே பார்த்தார். பாஷா பாய்தான் சிரித்தார். "நான் துடைச்சேன் பாப்பா. சைக்கிள் பம்ப்பு வெச்சு ஊதியும் விட்டேன். அதெல்லாம் போயிருக்கும்."

"போயிருக்கும்னு சொல்றியா, போயிடுச்சுனு சொல்றியா?" என்றார் அப்பா.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாபா நீ! அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடியே பால் பொங்கிடுமோன்னு பயப்படற பொண்ணு இது. இது பேச்சக் கேட்டு அஞ்சு நாள் வேலையப் பிரிக்கணுமா? அடியில பேக்கிங் கிழிஞ்சா வேலூருக்கு ஓடணும். நாளன்னிக்கு லோடு, ஞாபகம் வெச்சுக்க."

"நான்தான் ஒண்ணுகூட விடாம வைன்னு சொன்னேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அம்மா உள்ளிருந்து வந்தார்.

அப்பா யாரையும் எதுவும் சொல்லவில்லை. கோணியை எடுத்து உதறி விரித்தார். "எஞ்சினத் திருப்பிப் போடு பாஷா" என்றார்.

மறுநாள் காலையில் அடித்தட்டைக் கழற்றும்போது, ஆயில் கசியாமல் இடையில் வைக்கிற அட்டையான பேக்கிங், பாய் சொன்னபடியே இரண்டு இடத்தில் கிழிந்தது. பேரிங் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அம்மாவின் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியை அப்பா ஒவ்வொரு ஓட்டையாக விட்டு எடுத்தார். நுனியில் ஆயில் வந்தது. அடுத்ததிலும் ஆயில். நான்கிலும் சுத்தமான ஆயில்தான். சந்தனம் பேருக்குக்கூட இல்லை. மஞ்சளாகக் கொஞ்சமாவது வந்துவிடட்டும் என்று அப்போது நான் சாமியை வேண்டிக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

"திருப்தியா?" என்று பாய் அப்பாவைக் கேட்டார்.

"திருப்தி" என்றார் அப்பா, ஈர்க்குச்சியைத் துடைத்துக்கொண்டே.

அந்தப் பழைய மாடலுக்கு வேலூரில் முதல் நாள் பேக்கிங் கிடைக்கவில்லை; மறுநாளும் போய்த் தேடி அப்பா வாங்கி வந்தார். எஞ்சின் புகை கக்கிக்கொண்டு உயிர் பெற்றபோது, சொன்ன தேதிக்கு மூன்று நாள் கழிந்திருந்தது. கடைக்காரர் வார்த்தை தவறாதவர். வாரத்தில் இரண்டு நடையை அந்த வேறு ஜீப்புக்கே கொடுத்துவிட்டார். எங்களுக்கு மிஞ்சியது ஒன்று. மற்ற நாட்களில் சாமையும் புளியும் ஏற்றி, பள்ளிக்கூட வாத்தியார்களை ஏற்றி, அப்பா எப்படியோ ஈடுகட்டினார். அந்த இரண்டு நடை போனது யாரால் என்று ஒரு கோபத்தில்கூட, ஒரு விளையாட்டுப் பேச்சில்கூட அவர் வாயில் வந்ததில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை.

விளையாட்டுப் பேச்சைப் பாஷா பாய் எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் பிரேக்கோ கியரோ எதைப் பூட்டும்போதும் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, இதுல எங்கியாவது சந்தனம் வெச்சிருந்தா இப்பவே சொல்லிடு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் நான் "இல்ல பாய்" என்று சொல்கிறவரை அவர் ஸ்பானரைத் திருப்ப மாட்டார்.

இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கேஸ் டியூப் வெடிப்பு விட்டிருக்கிற மாதிரி இருக்கிறது, மாடிக் கைப்பிடி ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிக்கொண்டே இருப்பேன். பாதிக்குப் பாதி ஒன்றும் இருக்காது. இருந்தாலும் சொல்ல எனக்குக் கூச்சம் வந்ததே இல்லை. சின்ன வயதிலேயே அது போய்விட்டது. போக வைத்தவர்களுக்கு நான் ஒரு நன்றியும் சொன்னதில்லை. பாஷா பாய் காலமாகிவிட்டார். ஜீப்பை விற்று வருஷங்களாகின்றன. கொட்டகை நின்ற இடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளியூர்க்காரர்கள் பைக் நிறுத்துகிறார்கள். ஜவ்வாது மலைக்கு வேன்கள் தார் ரோட்டில் ஏறுகின்றன.

போன வாரம் அப்பாவுக்கு முடி வெட்டக் கூட்டிப் போய்த் திரும்பும் வழியில் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு பாய் ஊதிட்டேன்னு சொன்னாரே, அப்புறமும் ஏம்பா பிரிச்சீங்க?"

எதைக் கேட்கிறேன் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "பிரிக்காம போயிருந்தா, ஒவ்வொரு வளைவுலயும் நீ வீட்ல பயந்துனு இருப்பன்னு நெனச்சினே ஓட்டணும். அதுக்கு ரெண்டு நட போனா போவுது" என்றார். பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "ஏன், இப்ப இன்னா சந்தேகம் உனக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை.