காவியாவின் கைகள்

விருத்தாசலத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அந்த அறையின் பலகையில் ‘பெண்கள், குழந்தைகள் நல மையம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். மனநலம் என்ற சொல்லைப் போட வேண்டாம் என்று தொண்டு நிறுவனத்தாரிடம் வற்புறுத்திச் சொன்னவள் இளமதிதான். அதைப் பார்த்தால் நம் ஊர்ப் பெண்கள் பாதிப் படியிலேயே திரும்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பீங்கான் பொம்மை செய்யும் குடும்பத்தில் பிறந்து, கடலூர் போய்ப் படித்து, ஆலோசகராகச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவள் அவள்.

அவளுடைய அக்கா பூங்கோதை வேலை பார்க்கும் செராமிக் கொட்டகையில் இதைப் பற்றிய கேலிக்குக் குறைவில்லை.

“பேசறதுக்கா ஒந்தங்கச்சிக்குச் சம்பளம் குடுக்கறாங்க? அப்ப எனக்கு லட்ச ரூவா குடுக்கணும்டி” என்பாள் கூட வேலை செய்யும் ஜெயஸ்ரீ.

“அவ எங்க பேசறா? கேக்கறா. நீ ஒரு நாளாவது வாய மூடிக்கிட்டு கேட்டிருக்கியா?” என்பாள் பூங்கோதை.

அந்த ஜெயஸ்ரீயே தை மாதத்தில் ஒரு மாலை, இடுப்பில் கைக்குழந்தையும் பின்னால் மகள் காவியாவுமாகப் படியேறி வந்தாள். மழைக்காலத்தில் அவள் கணவன் அன்பரசன் மங்கலம்பேட்டை சாலையில் பைக் மோதி இறந்துபோயிருந்தான்.

“பத்து வயசாவுது. தம்பிய தூக்கமாட்டேங்குது, ஸ்கூல்ல பென்சில தொடமாட்டேங்குது. எதக் கேட்டாலும் வாயத் தெறக்கறதில்ல. நான் வேலைக்குப் போயிட்டா புள்ளைய யாருங்க பாக்கறது? முழுப்பரீட்ச முடியட்டும். சேத்தியாத்தோப்புல எங்க நாத்தனா வூட்டுல இவள வுட்டுடப் போறேன். அங்கியே கெடக்கட்டும்.”

காவியா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

பேசாத குழந்தைக்கு முதலில் களிமண்ணைக் கொடுத்து விளையாட விட வேண்டும் என்று இளமதிக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜெயஸ்ரீயை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஒரு உருண்டையை மேசைமேல் வைத்தாள். காவியா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். மற்ற ஊரில் அது விளையாட்டுச் சாமான். இங்கே அது அம்மாவின் கூலி. கைதவறினால் விழும் வசவு. அந்த மண்ணிலேயே வளர்ந்தும் இதை யோசிக்காமல் போனோமே என்று இளமதிக்குச் சுருக்கென்றது. உருண்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மேசையைத் துடைத்தாள்.

“இங்க நீ எதையும் தொட வேணாம் கண்ணு. சும்மா ஒக்காந்திருந்தா போதும்.”

அப்படியே வாரா வாரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள் காவியா. ஒரு நாள் இளமதியின் கை பட்டு டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

“நான் தொடல! நான் தொடல அக்கா!” என்று அலறினாள் சிறுமி.

இளமதி உடைந்த துண்டுகளை அப்படியே விட்டுவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். “எங்கைதான் தட்டிச்சு. நீ தொட்டா என்ன ஆவும்?”

“வெடிச்சிடும்.”

நடந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் கொட்டகையில் ஈரம் காயாத பொம்மைகளை அவசரத்தில் சூளையில் ஏற்றியிருக்கிறார்கள். பிரித்தபோது பாதிக்குமேல் வெடித்திருந்தது. அடுக்கும்போது காவியாவும் சிலவற்றை எடுத்துக் கொடுத்திருந்தாள். “ஒங்கை பட்டா எதுவும் வெளங்காது” என்று எல்லோர் எதிரிலும் ஜெயஸ்ரீ கத்தியிருக்கிறாள். மறுநாள் காலையில் அப்பாவிடம் டிபன் பாக்ஸைக் கொடுத்தனுப்பியதும் காவியாதான்.

“எங்கையாலதான் குடுத்தேன். வாங்கிக்கிட்டுப் போனாரு. வரவே இல்ல.”

அப்படி இல்லை என்று இளமதி எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மாகிட்ட இத சொல்லட்டுமா? நீ வேணாம்னா சொல்லமாட்டேன்.”

காவியா சரியென்று தலையாட்டினாள்.

உள்ளே வந்து கேட்ட ஜெயஸ்ரீக்கு முதலில் கோபம்தான் வந்தது. “கோவத்துல ஆயிரம் சொல்லுவோம். அதெல்லாமா மனசுல வெச்சிக்குவாங்க?” என்றாள். ஜெயஸ்ரீ மகளைப் பார்த்தாள். தொடைக்கு அடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். குழந்தையை இளமதியிடம் கொடுத்துவிட்டு மகளின் காலடியில் உட்கார்ந்தாள்.

“அது ஈரத்துல வெடிச்சதுடி. ஈரம்னு தெரிஞ்சே ஏத்துனது நாங்க. ஒம்மேல பழியப் போட்டுட்டேன்.”

காவியாவின் கைகள் இன்னும் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

“அந்த டிபன் பாக்ஸ ஆஸ்பத்திரில எங்கிட்ட குடுத்தாங்க” என்றாள் ஜெயஸ்ரீ. “தெறந்து பாத்தேன். காலியா இருந்துது. ஒரு பருக்க இல்ல. நீ குடுத்தத சாப்புட்டு, வவுறு நெறஞ்சுதாண்டி போனாரு ஒங்கப்பா.”

“ஊறுகாயும் சாப்புட்டாரா?”

“அதயும் வழிச்சுத் தின்னுட்டாரு.”

ஒரு கை மெல்ல வெளியே வந்து அம்மாவின் தோளைத் தொட்டது.

அன்று இரவு இளமதி வீட்டில் எதுவும் சொல்லவில்லை. பூங்கோதையும் கேட்கவில்லை. அந்த அறையில் பேசியது படியிறங்கி வராது என்பது அக்காவுக்குத் தெரியும். தங்கையைப் பற்றி அவள் பெருமைப்படுவதும் அதற்காகத்தான். நடந்ததைப் பிறகு கொட்டகையில் எல்லோர் எதிரிலும் ஜெயஸ்ரீயே வாய்விட்டுச் சொன்னாள். அன்று மகளைப் பார்த்துக் கத்தியதும் அவர்கள் எதிரில்தானே.

முழுப்பரீட்சை முடிந்தது. காவியாவைச் சேத்தியாத்தோப்புக்கு அனுப்பவில்லை. கொட்டகை மூலையில் புடவையில் கட்டிய ஏணையில் கிடக்கும் தம்பியை ஆட்டுகிறாள், அழுதால் தூக்குகிறாள். பொம்மைகள் அடுக்கியிருக்கும் பக்கம் மட்டும் இன்னும் போவதில்லை. அங்கே வரச்சொல்லி யாரும் அவளை வற்புறுத்துவதுமில்லை.