என் வீட்டுக்காரரின் தாழ்ந்த மாருதி

என் வீட்டுக்காரர் லக்தர், கான்ஸ்டன்டைன் நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். வெளியே கூட்டம் நெருக்கியடிக்கும். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. முத்திரையை எடுப்பார், ஊதுவார், காகிதத்தை முன்னும் பின்னும் பார்ப்பார், பிறகுதான் குத்துவார். அப்பேர்ப்பட்ட நிதானஸ்தர் ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் பந்தயக்காரர் ஆகிவிடுவார். பந்தய வண்டி என்ன என்று கேட்பீர்கள். பழைய மாருதி எண்ணூறு. நாலு பேர் கை கொடுத்தால் தூக்கி மாடியில் வைத்துவிடலாம், அவ்வளவு கனம்.

அந்த வண்டி பிறந்த உயரத்தில் இருப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு பழைய வண்டிச் சாமான் விற்கும் தஜெனானத் சந்தைக்குப் போய், கட்டையாக, விறைப்பாக ஒரு ஜோடி ஸ்பிரிங் வாங்கி வந்து பின்னால் மாட்டினார். முன்பக்கத்தையும் அதற்குத் தக்கபடி இறக்கினார். வண்டி நாலு விரல் தாழ்ந்தது. அவர் தலை நாலு விரல் நிமிர்ந்தது. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள் என்று சொன்னார். பார்த்திருப்பார்கள், பாவம் வண்டிக்கு என்ன ஆயிற்றோ என்று.

சரி, ஆம்பிளைகளுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் விட்டேன். ஆனால் என் பிழைப்பு கேக். எங்கள் சமையலறையில் நான் செய்கிற நிச்சயதார்த்தக் கேக்குகளெல்லாம் அந்த மாருதியின் பின்சீட்டில்தான் பயணம் போக வேண்டும். எங்கள் பேட்டையிலோ, சொந்த வீடு கட்டியவன் எவனும் வாசலில் ஒரு வேகத்தடை போடாமல் குடியேறுவதில்லை. யாரையும் கேட்பதில்லை. மிச்சமிருக்கும் சிமென்ட்டை அள்ளி ரோட்டில் கொட்டிவிட்டால் முடிந்தது.

புது ஸ்பிரிங்கோடு போன முதல் கேக்கே சரிந்தது. மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி நிற்காமல் தலையாட்டிக்கொண்டே போனது. மெக்கானிக் தய்யிப் பின்பக்கத்தை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் உதைக்கும், அந்த உதையைப் பிடித்து அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை, உன் கிழட்டு ஷாக்குக்கு இந்த முரட்டு ஸ்பிரிங்கைப் பிடிக்கத் தெம்பு இல்லை என்றார். ஸ்பிரிங்குக்கும் வண்டியின் கனத்துக்கும் பொருந்துகிற மாதிரி, நீளமும் குறைவான ஒன்றைப் பார்த்து மாட்டு என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் அதில் தெம்பு என்ற ஒரு வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். சாமான் ஏற்றும் வேனுடைய ஷாக்கைத் தேடிப் பிடித்து, அளவு வெட்டி ஒட்டி, மாட்டியே விட்டார்.

மாட்டிய கையோடு சோதனை ஓட்டம். எங்கள் ஊரில் ஒருவன் வண்டியில் ஒரு திருகாணி மாற்றினாலும் தனியாக ஓட்டிப் பார்க்க மாட்டான். காபிக் கடையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அத்தனை பேரும் ஏறுவார்கள். ஏறாவிட்டால் அவர்களுக்குக் கோபம், ஏற்றாவிட்டால் அவனுக்கு அவமானம். லக்தருக்கு மூன்று கூட்டாளிகள். அதில் தலையாய ஆள் நாவிதர் அஸ்ஸூஸ். நான் மாவு பிசையும் மேசைக்குக்கூட அவர் அகலம் இல்லை. நாலு பேரும் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினார்கள். மெத்தையில் படுத்த மாதிரி இருந்தது என்று அஸ்ஸூஸ் தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் அப்பீல் ஏது?

மறுநாள் என் இரண்டாவது கேக் போனது. இந்தத் தடவை வண்டி தலையாட்டவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் கீழே போய் அங்கேயே பிடித்துக்கொண்டது, எழுந்திருப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டது. கடைசியில் கட்டையால் அடித்த மாதிரி ஒரு குத்து. மேலே இருந்த சர்க்கரைப் புறா என் மடியில் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரரோ, கேக்கில் க்ரீம் அதிகம், அதுதான் கோளாறு என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் புறாவை அவர் வாயில் திணித்திருப்பேன். அந்த நேரத்தில்தான் கல்யாண மண்டபம் நடத்தும் லல்லா ஸூஹ்ராவிடமிருந்து ஆள் வந்தது. ஊரிலேயே பெரிய மண்டபம் அவளுடையது. வரும் சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் ஒன்று செய், முழுசாக வந்து சேர்ந்தால் இனி என் மண்டபத்துக் கேக் எல்லாம் உனக்கு, கோணலாக வந்தால் என் வாசலை மிதிக்காதே என்று சொல்லியனுப்பியிருந்தாள். இப்படியொரு வாய்ப்புக்காக எத்தனையோ வருஷம் அடுப்படியில் வெந்தவள் நான். இதை இந்த மாருதியின் பின்சீட்டில் தொலைக்க எனக்கு மனசில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கேக்குக்குப் பதிலாக ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, என்னையும் அவரையும் தவிர யாரும் ஏறாமல் ஒரு சுற்றுப் போகச் சொன்னேன். தெருமுனையிலேயே பாதித் தண்ணீர் என் காலில்.

"ஏங்க, கூட்டாளிங்க இல்லாம ஒரு தடவையாவது இதை ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"தனியாவா? நான் என்ன நாதியத்தவனா?" என்றார் அவர். நிஜமாகவே அவர் மனம் புண்பட்டுவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று தடியர்கள் உட்கார்ந்தால் அந்த வேன் ஷாக்குக்கு ஏற்ற கனம் வந்துவிடுகிறது, மெத்தையாகத்தான் இருக்கும். வெறும் வண்டிக்கும் ஒரு கேக்குக்கும் அது உலக்கை. இவர் வண்டிக்கு ஷாக் பொருத்தவில்லை, அஸ்ஸூஸுக்குப் பொருத்தியிருக்கிறார். சொன்னேன். பெண்களுக்கு இது புரியாது என்று பதில் வந்தது. வாயை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் வேனைச் சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. கேக் வாசலில் தயார். வேனைக் காணோம். என் வீட்டுக்காரர் காலையிலேயே போய், எங்களிடமே வண்டி இருக்கும்போது வேன் எதற்கு, ஊர் சிரிக்கும் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் வேனை எடுத்துக்கொண்டு கடலுக்குக் குளிக்கப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் ஆகிற வேலையா? நானே காபிக் கடை வாசலில் போய் நின்று, மூன்று கூட்டாளிகளையும் கூப்பிட்டேன்.

மூவரையும் பின்சீட்டில் வரிசையாக அடைத்து, ஒரு பலகையை மடிமேல் போட்டு, அதன்மேல் கேக்கை வைத்தேன். நான் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அஸ்ஸூஸ் மூச்சுகூட விடாமல், பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல அடியடுக்கைப் பிடித்திருந்தார். வண்டி நகர்ந்தது. ஒரு மேடு, இரண்டு மேடு, கேக் அசையவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்து மீசையைத் தடவினார். எனக்கே ஒரு நிமிஷம் அந்த மனுஷர்மேல் மரியாதை வந்துவிட்டது.

மண்டபத்துக்கு இரண்டு தெரு முன்னால் எவனோ புதுவீட்டுப் புண்ணியவான் புதுசாக ஒரு வேகத்தடை கட்டியிருந்தான். ஏற்கெனவே தாழ்ந்த வண்டி, அதன்மேல் மூன்று மலைகள். முன்சக்கரம் தாண்டியது, வயிறு உட்கார்ந்தது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. சக்கரம் சும்மா சுற்ற, ரப்பர் நாற்றம்தான் வந்தது.

பின்னால் ஒரே ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தால் பூ கட்டிய கார்கள், மேளம், ஊதுகுழல். அதே கல்யாணத்தின் ஊர்வலம். முதல் காரில் மணப்பெண். எனக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. என் வீட்டுக்காரர் இறங்கி, ஊர்வலத்தைப் பார்த்துக் கையைக் காட்டி, ஒன்றுமில்லை, ஷாக் செட்டாகிக்கொண்டிருக்கிறது என்று விளக்கம் கொடுத்தார்.

மணப்பெண் கண்ணாடியை இறக்கினாள். முகத்தில் பூசியதெல்லாம் வெயிலில் வழிந்துகொண்டிருந்தது.

"அது என் கேக்கா அக்கா? எடுத்துக்கிட்டு இங்க வாங்க. நான் சேதாரமில்லாம போய்ச் சேருவேனான்னு தெரியல, கேக்காவது சேரட்டும்."

அவள் பெரியம்மாவை இறக்கி வேறு காரில் ஏற்றினார்கள். நானும் கேக்கும் மணப்பெண்ணும் அந்த நீளக் காரில் மாருதியைச் சுற்றிக்கொண்டு மிதந்து போனோம். மண்டப வாசலில் மணப்பெண்ணுக்கு முன்னால் கேக் இறங்கியது. பெண்கள் என்ன நினைத்தார்களோ, கேக்குக்கே குலவை போட்டார்கள். லல்லா ஸூஹ்ரா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு பூகூட நலுங்கவில்லை. இனி எல்லாம் உனக்குத்தான், கேக்கை எடுக்க மண்டபத்து வேனே உன் வாசலுக்கு வரும் என்றாள். நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேவிட்டேன்.

பொழுது சாயும்போது வண்டியை மீட்டுக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். நாலு பேருமாகத் தூக்கித்தான் இறக்கியிருக்கிறார்கள். சட்டையெல்லாம் கிரீஸ். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷம் என்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்ப என் வண்டி இனி எதுக்கு?" என்று கேட்டார். நகராட்சி ஜன்னலில் நாளெல்லாம் திட்டு வாங்குகிற மனுஷருக்கு அந்த மாருதி ஒன்றுதான் பெருமை. எனக்குப் பாவமாகிவிட்டது.

"எதுக்கா? கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாச்சு. நீங்களும் நானும் மட்டும் அதுல எங்கயாவது போயிருக்கமா? அஸ்ஸூஸுக்குப் பொருத்தினது போதும். ரெண்டு பேருக்குத் தகுந்த மாதிரி ஒரு ஷாக்கைப் பாத்து மாட்டுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, "வஹீபா, உன் எடை என்ன?" என்றார். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

எட்டுக் கிலோ குறைத்துச் சொன்னேன்.

தய்யிப்பும் அவரும் கணக்குப் போட்டுப் புதுசாக ஒரு ஜோடி மாட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் இரண்டு பேரும் மலைப்பாதையில் போய்ப் பொரித்த மீன் தின்றுவிட்டு வருகிறோம். வண்டி ரொம்பப் பாந்தமாகப் போகிறது. நான் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் மேட்டைத் தாண்டியதும் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடுகிறது. அது ஏன் என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்க்கிறேன்.