செல்லையா அண்ணன் காதில் விழுந்தது

சென்ற மாதம் ஒரு மத்தியானம் செல்லையா அண்ணன் மகன் முருகேசன் போன் செய்தான். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றான். "வாரேன்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வரவில்லை. கோச்சடையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் வந்தது. வந்தது நிற்கவே இல்லை. என் வீட்டுக்காரி பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

உங்களில் பலருக்கு அவர் நாகமலை புதுக்கோட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த செல்லையா. எனக்கு அவர் விமான மெக்கானிக். எழுபதுகளின் கடைசியில், வயலுக்கு மேலே தாழப் பறந்து மருந்தடிக்கும் சிறிய விமானங்கள் மதுரைக்கு வந்து தங்கும். ஓடுபாதை ஓரத்துத் தகரக் கொட்டகையில் அவர் மெக்கானிக், நான் ஹெல்ப்பர். மருந்துத் தொட்டியைக் கழுவுவது, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது, சக்கரத்துக்குக் கட்டை அண்டக் கொடுப்பது எல்லாம் என் பாடு. திருவாதவூரில் அடுத்தவர் வயலில் கதிரறுத்த குடும்பம் எங்களுடையது. "எம்மகன் ஏரோப்பிளேன் வேலை பாக்குறான்" என்று என் அய்யா டீக்கடையில் சொல்லாத நாள் கிடையாது.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. நான் துடைத்துக்கொண்டிருந்தால், "மாப்ள, இம்புட்டுத் தேய்க்காதடா, ரெக்க எளைச்சுப் போயிரும்" என்பார். ஆனால் எஞ்சின் பக்கம் போனால் சிரிப்பு நின்றுவிடும். "கேளு. பதில் வரட்டும். அப்பறம் கை வையி" என்பார். அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

ஒரு விமானத்துக்கு ஸ்டார்ட்டர் கெட்டுப்போயிருந்தது. அதன் மூக்கில் இருக்கும் விசிறியைக் கையால்தான் சுற்றிவிட வேண்டும். முதலில் ஸ்விட்சை அணைத்து வைத்து மெதுவாக நாலு சுற்று. பிறகு ஸ்விட்சைப் போட்டு ஓங்கி ஒரு சுற்று. தொடுவதற்கு முன் நான் சத்தம் போட்டுக் கேட்க வேண்டும், உள்ளே இருக்கும் பைலட் பதில் சொல்ல வேண்டும். அன்று காலை, "ஸ்விட்ச் ஆஃபா சார்?" என்று கேட்டேன். "ஆஃப்" என்றார். கை வைத்தேன். ஸ்விட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது; எஞ்சின் உதைத்து விசிறி சுழன்றது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. இறக்கை ஓரமாக நின்ற அண்ணன்தான் கையைத் துண்டில் சுற்றி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தார். ரசஞ்சோறு பிசைந்து ஊட்டினார். விசாரணை நடந்த அன்றும் காலையில் எனக்கு ஊட்டிவிட்டுத்தான் போனார். என்ன நடந்தது என்று சாயங்காலம் தெரிந்தது. தான் பதில் சொல்வதற்குள் நான் தொட்டுவிட்டதாகப் பைலட் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். "என் காதுல எதுவும் விழலங்க சார்" என்றாராம். ஹெல்ப்பர் அவசரப்பட்டான் என்று முடிவுகட்டி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பதில் வாரதுக்குள்ள அப்படி என்னடா பறக்குற?" என்று அய்யா கேட்டார்.

"சொன்னாருய்யா."

"அப்ப செல்லையா ஏன் கேக்கலங்குறான்? அம்புட்டு நல்ல மனுசன் பொய்யா சொல்லுவான்?"

அய்யா அதன்பிறகு டீக்கடையில் என் பேச்சையே எடுப்பதில்லை. கண்ணை மூடும் வரைக்கும் நான் அவசரக்குடுக்கை என்றே நம்பினார்.

விமானங்கள் வருவது நின்ற பிறகு அண்ணன் பட்டறை போட்டார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "மிச்சமிருக்குற ரெண்டு வெரலு போதும்டா, வா" என்றார். போனேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே! என் பிள்ளைகள் படித்து ஆளானது அந்தப் பட்டறையால்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுசன் இல்லை.

இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் என்னை அருகே கூப்பிட்டார். "கேட்டேன்டா மாப்ள. அவரு ஆஃப்னு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. முருகேசன் அப்பக் கைப்புள்ள. வேலை போயிருமேன்னு பயந்துட்டேன்" என்றார்.

"இத உங்க மகன்கிட்டச் சொல்லுங்கண்ணே."

"அவன் மொகத்தப் பாத்து முடியாதுடா. நான் போனப்பறம் நீ சொல்லிரு."

அடப்பாவி மனுசா! அதையும் என் தலையிலேயே கட்டிவிட்டுப் போய்விட்டீரே!

கருமாதியன்று முருகேசன் என் கையைப் பிடித்து, "அப்பா ஒரு பொய் சொன்னதில்ல, அதச் சொல்லிப் பேசுங்க சித்தப்பா" என்றான். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முருகேசா, உன் அப்பா ஒரு பொய் சொன்னார். உனக்குக் கஞ்சி ஊற்றுவதற்காகச் சொன்னார். நீ தலைகுனிய வேண்டாம், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு அவர்மேல் பிரியமும் போகவில்லை, கோபமும் போகவில்லை. அவருடைய கைராசி, கிண்டல், தாராள மனசு எல்லாவற்றையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது "கேட்டேன்டா" என்ற அந்த ஒரு சொல்லைத்தான். அதைக் கேட்க வேண்டிய என் அய்யாதான் இல்லை.