ஸ்டெல்லா வீட்டைத் தாண்டாத ராஜா

திருப்பதிக்குப் போகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் லட்டு கேட்டார்கள். கிறிஸ்துமஸ் குடில் பார்க்கப் போகிறேன் என்றதும் அதே ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சென்னை மால்களில் பஞ்சுப் பனிக்கு முன்னால் செல்ஃபி எடுத்து எனக்கு அலுத்துவிட்டது. இந்த வலைப்பூவைப் படிக்கும் தோழி ஒருத்தி, "எங்க அக்கா ஊர்ல குடில் ராஜாக்கள் வீடு வீடா வருவாங்க" என்று எழுதியிருந்தாள். புத்தாண்டு முடிந்த மறுநாள் கிளம்பிவிட்டேன்.

மாதவரத்தில் காலை ஆறு மணி பஸ். பத்து மணிக்குத் திருப்பதி. அங்கே ஒரு தேவாலயக் குடிலைப் பார்க்க ஆட்டோ பிடித்தேன். "ஏமக்கா, இம்மாந் தூரம் வந்துட்டு மலைக்குப் போலியா?" என்றார் ஓட்டுநர். மலை அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும், ராஜாக்கள் ஆறாம் தேதியோடு பெட்டிக்குள் போய்விடுவார்கள் என்றேன். அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

குடில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலன் பிறந்த கொட்டிலைப் பொம்மைகளால் அமைப்பதுதான் அது. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்ப்பார்கள். தாளைக் கசக்கி மலை செய்வார்கள். பாலன் படுக்கும் தீவனத் தொட்டி திருவிழா இரவு வரை காலியாகவே இருக்கும். ராஜாக்கள் மூவரும் தூரத்திலிருந்து வருகிறவர்கள். ஆகவே அவர்களைத் தள்ளி வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி ஆறாம் தேதி தொட்டியருகே சேர்ப்பார்கள். தோழியின் அக்கா ஊரில் அந்தத் தூரம் முழுத் தெருவாக நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

திருப்பதியிலிருந்து சித்தூர் எழுபது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து குடிபாலாவுக்கு ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். ஊர் அதற்கும் உள்ளே மூன்று கிலோமீட்டர். தோழியின் அக்கா பிலோமினா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சோறு போட்டார். அன்று ராஜாக்கள் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். முழங்கால் உயரச் சுண்ணாம்புச் சிலைகள், நல்ல கனம்.

கோவில் சங்கத் தலைவர் அந்தோணி வந்து சட்டங்களைப் பெருமையாகச் சொன்னார். "ஒரு வூட்ல எறக்கிட்டா மறுநாள் வௌக்கு வெக்கற வரிக்கும் ராஜாவத் தொடக்கூடாது. தங்குன வூட்டுக்காரங்கதான் அட்த வூட்டுக்குத் தூக்கினு போணும். அந்த வூட்டுக்குத் தூரத்துலருந்து விருந்தாளி வந்தா, ஒரு ராஜா அவங்களுக்கு. நீ இந்த ராஜாவ, பல்தசாரத் தூக்கும்மா."

"அடுத்த வீடு எது?"

"எங்க வூடு."

ஆனால் இடையில் ஒரு வீடு இருந்ததே! வாசலில் அந்தத் தெருவிலேயே பெரிய குடில் வேறு. அவர் போனதும் கேட்டேன். அது ஸ்டெல்லாவின் வீடு என்றார் பிலோமினா. புருஷன் செத்தபின் பக்கத்து ஊர் லாரி டிரைவர் முருகேசனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று வருஷமாக ராஜாக்கள் அவளைத் தாண்டித்தான் போகிறார்கள்.

நேராகப் போய் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். குடிலில் ராஜாக்களுக்கு மூன்று மணைகள் போட்டிருந்தாள். "வருவாங்கன்னு போடலக்கா. வரலன்னு போற வர்றவங்களுக்குத் தெரியணும்னு போடறேன்" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. பாலனுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்று கதவடைத்த ஊரில் ஒரு கொட்டில் இடம் கொடுத்ததைத்தானே குடில் என்று கும்பிடுகிறோம்?

"நீங்களே ஸ்டெல்லா வீட்டில் இறக்கலாமே?" என்று பிலோமினாவிடம் கேட்டேன். "நாளிக்கும் நான் இங்கதான இருக்கணும்? நீ பஸ் ஏறிடுவ" என்றார். உண்மைதான். அந்தச் சௌகரியத்தை அன்றைக்கே செலவழிப்பது என்று முடிவு செய்தேன்.

விளக்கு வைத்ததும் பாட்டோடு கிளம்பினோம். ஸ்டெல்லா வீட்டெதிரே பாட்டு நின்றது, எல்லோரும் தரையைப் பார்த்து நடந்தார்கள். நான் திரும்பி, படியேறி, பல்தசாரை நடு மணையில் இறக்கினேன்.

"இன்னாம்மா இது? மெட்ராஸ்லருந்து வந்து எங்க ஊர்ல பஞ்சாயத்தா?" அந்தோணி கத்தினார்.

"இறக்கியாச்சு. நாளைக்கு விளக்கு வைக்கும்வரை தொடக்கூடாது, நீங்கள் சொன்னதுதான்."

மற்ற இரண்டு ராஜாக்களும் அந்தோணி வீட்டுக்குப் போனார்கள். பிலோமினா ராத்திரி எனக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வைத்தார். மறுநாள் மதிய பஸ்ஸை விட்டேன். பாதியில் ஓடுவதற்கா இறக்கினேன்?

சாயங்காலம் விளக்கு வைத்ததும் அந்தோணி ஸ்டெல்லாவின் படிக்குக் கீழே நின்றார். "குட்துடு, நான் எத்துக்கினு போறேன்."

"எங்க வூட்ல தங்குன ராஜாவ நான்தான் தூக்கணும். சட்டம் உங்கள்து" என்றாள் ஸ்டெல்லா. பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முருகேசன் கூடவே வந்தார். அந்தோணி வீட்டு வாசலில் அவர் மனைவி மெழுகுவத்தியோடு புருஷன் முகத்தைப் பார்த்தபடி நின்றார். ஸ்டெல்லா யார் முகத்தையும் பார்க்கவில்லை. உள்ளே போய் மற்ற இரண்டு பேர் பக்கத்தில் பல்தசாரை வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "குடிக்கத் தண்ணி குடுங்க" என்றாள்.

மனைவி மறுபடி அந்தோணியைப் பார்த்தார். கடைசியில் அந்தோணிதான் உள்ளே போய்க் கொண்டுவந்தார். இரண்டு டம்ளர்.

போக நினைப்பவர்களுக்கு: வேலூரிலிருந்து வருவது இன்னும் சுலபம், சித்தூர் பஸ்ஸில் குடிபாலாவில் இறங்கலாம். ஊரில் லாட்ஜ் கிடையாது. ஜனவரி ஆறுக்குள் வாருங்கள், கனமான பை வேண்டாம். உங்கள் கையில் ராஜாவைக் கொடுத்தால், எந்த வீட்டைத் தாண்டிப் போகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே இறக்குங்கள்.