டேப்பின் அந்த முனை

“டேப் போட்டு அளக்கணும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அண்ணன் விமானத்திலேயே சொல்லியிருந்தான். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிற வீடு, சந்தேகப்பட்டால் கை நழுவிவிடுமாம். நான் கேட்டேன். பதினைந்து வருடக் கடன் என் பெயரில் வரப்போகிறது. என் கையெழுத்து இல்லாமல் வங்கி அசையாது. அளக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

“நீ வீடு வாங்க வந்தியா, ஜாக்கெட் தைக்க வந்தியா?” என்றான் அண்ணன்.

நம்ப மனம் வராதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் கட்டடப் பொறியாளர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். டேப்பில் எந்த எண் இருந்ததோ அதைத்தான் எழுதுகிறேன்.

கடலைப் பார்த்து ஏறும் சந்தில், இரண்டு வீடுகளுக்கு நடுவே செருகினாற்போல் நின்றது அந்த வீடு. வெளிநாட்டில் சொந்தமாக ஒரு விடுமுறை வீடு என்பது அண்ணனின் பத்து வருடக் கனவு. ஊரார் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டி, முட்டி தேய்ந்து, என்னைப் படிக்க வைத்தவன். அவனிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

தரகர் பூட்டைத் திறந்தார். வீடு மூன்று வருடமாகப் பூட்டியே கிடக்கிறது என்று, மொழிபெயர்க்க வந்த அக்கா சொன்னார். அந்த ஊரில் நம் மொழி தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

“நீ போய்ப் பாரும்மா. நான் இங்கயே நிக்கிறேன்.”

மதியம் 3:40. கீழ்த்தளத்தை அளந்துவிட்டு மாடிக்குப் போனேன். பதினேழு படி. கைப்பிடியில் தூசி இல்லை. மேலே குளியலறையில் ஒரு சோப்பு… நனைந்திருந்தது. பெருக்கித் துடைக்க யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் ஒரு நீள நடை. ஜன்னல் பலகைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. படிக்கட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். நடையின் கடைசி, பட்டப்பகலிலும் கறுப்பு. டேப்பின் கொக்கியை அந்தக் கோடிச் சுவரோரம் பலகையில் மாட்டிவிட்டு, இழுத்துக்கொண்டே வெளிச்சத்துக்கு வந்தேன். டக்கென்று கழன்றது.

“யாராவது வந்து முனையைப் பிடிங்களேன்,” என்று கத்தினேன்.

“பிடிச்சிட்டேன்.”

இருட்டிலிருந்து ஒரு பெண் குரல். நம் மொழியில். அந்தக் கோடியில் இன்னொரு படி இருக்கும், அக்காதான் மனசு மாறி அந்த வழியாக மேலே வந்துவிட்டார் போல. டேப் விறைத்தது.

ஆறு மீட்டர் நாற்பத்திரண்டு. எழுதிக்கொண்டேன்.

எதையும் இரண்டு தடவை பார்ப்பது என் பழக்கம். மறுபடி பார்த்தேன்.

ஆறு மீட்டர் பத்து.

“அக்கா, சுவரோட ஒட்டிப் பிடிங்க.”

“ஒட்டித்தான் பிடிச்சிருக்கேன்.”

ஐந்து மீட்டர் முப்பத்தைந்து.

டேப் தொய்யவில்லை. அது தானாகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது… சர்ர்ர்… மெதுவாக.

அப்போதுதான் கீழே அண்ணன் சிரிப்பது கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தெருவில் அண்ணன். பக்கத்தில் தரகர்.

அவர்களோடு அக்கா.

மணி 3:58.

நான்கு மீட்டர்.

விரல்கள் டேப்பை விடவில்லை.

சர்ர்ர்…

இரண்டு எண்பது.

காலடிச் சத்தம் இல்லை.

ஒன்று நாற்பது… அந்த இடத்தில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கொக்கி என் நெஞ்சு உயரத்தில், காற்றில், அசையாமல் நின்றது.

அங்கே யாரும் இல்லை.

சோப்பு வாசனை மட்டும்.

“சரியா இருக்கா?” என்றது குரல். காதோரம்.

டேப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். எத்தனை படி இறங்கினேன் என்று தெரியாது.

தெருவில் நின்றவர்களைத் தாண்டி, சந்தின் கீழே போய்த்தான் நின்றேன். 5:15. தரகர் அலுவலகம். அண்ணன் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினான்.

நான் அக்காவைப் பார்த்தேன். “மேல யாருக்கா இருந்தது?”

தரகருக்கு நம் பேச்சு புரியாது. இருந்தும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“பேசினாளா?”

“பேசினா.”

“வீட்டுக்காரர் நம்ம ஆளும்மா, இப்ப வேற ஊர்ல இருக்கார். மூணு வருஷம் முன்னாடி அவர் சம்சாரம் அந்த மாடியிலதான் போய்ச் சேர்ந்தா. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் வந்து கேட்டாங்க, நல்ல விலைக்கு. கொடுக்கல. நம்ம பாஷை பேசுறவங்களா இருந்தா எவ்வளவுக்கு வேணும்னாலும் கொடுத்துடுங்கன்னு சொல்லிட்டார்.”

“ஏன்?”

“அவளுக்கு வேற பாஷை தெரியாதாம். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம கஷ்டப்படுறாளாம்.”

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

“இதையெல்லாம் நம்பி வீட்டை விடுவியா? இவ்வளவு படிச்சு…”

“படிக்க வச்சது நீதான். அதுக்கு என் சம்பளத்தைக் கேளு, தரேன். என் பேரை அந்த வீட்டுல எழுத மாட்டேன்.”

“போட்டுட்டுப் போடி. ஒரு கையெழுத்துதானே.”

பேனாவை மூடி அவன் முன்னால் வைத்தேன். பையை எடுத்தேன். பின்னால் அவன் என்னைக் கூப்பிட்டது கேட்டது. கதவைத் திறந்து தெருவில் இறங்கி நடந்தேன்.