பாறை மேல் வந்த ஓ.டி.பி.

சக்லேஷ்பூரில் ரயில் நின்ற அத்தனை நேரமும் வனஜா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நான் இங்கேயே இறங்கிக்கிறேன்' என்று சொல்லிவிட நினைத்தாள், சொல்லவில்லை. மடியில் இரண்டு வயது ப்ரஹ்லாத் அவள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தான். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் போனில் இருந்த சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய்க் குறைந்து, ஒன்றுகூட இல்லாமல் போயின.

வனஜாவுக்கு ஆடுகோடியில் ஒற்றை அறை வீடு. எட்டாவதோடு படிப்பு நின்றது. கல்யாணமாகி பெங்களூர் வந்த பத்தொன்பது வருஷத்தில் பாதிக்கு மேல் அடுத்தவர் பிள்ளைகளைத் தூக்கியே கழிந்தது. இப்போது வைட்ஃபீல்டில் ஷங்கர், அதிதி தம்பதியின் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அவர்கள் கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் மலை பார்த்துக்கொண்டே மங்களூர் போகக் கிளம்பினார்கள். குழந்தை போனால் அவளும் போகவேண்டும்.

அன்றைக்குத்தான் அவள் மகள் அனுஷா நர்சிங் சீட்டை உறுதி செய்யக் கடைசி நாள். பகல் பன்னிரண்டுக்குள் செய்யாவிட்டால் சீட்டு வேறு ஆளுக்குப் போய்விடும். விண்ணப்பம் போட்டபோது வீட்டில் ஒரே போன்தான் இருந்தது. அதனால் வனஜாவின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். ஆறு எண்ணுள்ள ஓ.டி.பி. அந்த நம்பருக்கு மட்டும்தான் வரும்.

"போனை வச்சிட்டுப் போவட்டா?" என்று முந்தின நாள் கேட்டாள்.

"நீ எங்க இருந்தா என்னம்மா, வந்ததும் படிச்சுச் சொன்னா போதும்" என்றாள் அனுஷா.

மலைக்குள் டவர் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அந்த வண்டியில் போய்வந்தவர்கள் அவர்கள் தெருவில் யாருமில்லை. சக்லேஷ்பூர் வந்தபோது பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் வனஜாவுக்கே தெரிந்தது.

அதற்குக் கொஞ்சம் முன், பத்தரைக்கு அனுஷா சைபர் கடையிலிருந்து கூப்பிட்டிருந்தாள். "சைட்டு தொறக்கவே மாட்டேங்குதும்மா. சுத்திக்கிட்டே கீது. போனைக் கையிலயே வச்சுக்க."

சுரங்கம் வரும்போதெல்லாம் பெட்டியில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். வெளிச்சம் வந்ததும் சிரித்தார்கள். இருட்டில் வனஜா போனை மட்டும் பார்த்தாள்.

"வனஜா, அங்க அருவி பாரு. எப்பப் பாத்தாலும் போனா?" என்றாள் அதிதி.

"எம் பொண்ணு சீட்டு, மேடம். டவர் வேணும்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஒரு மணிக்கு மேலதான் சிக்னல். ரிலாக்ஸ்" என்றான் ஷங்கர், படம் எடுத்தபடி.

ஒரு மணி. அதற்குள் சீட்டு போயிருக்கும். வேண்டுமென்று கேட்கத் தெரியாமலே அவள் காலம் ஓடிவிட்டது. மகளுக்கும் அதையே எழுதிவைத்துவிட்டேனா என்று நினைத்தாள்.

பதினொன்று நாற்பதுக்கு, எதிரே வரும் கூட்ஸ் வண்டிக்காகக் காட்டு நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. அவள் குழந்தைக்குப் பால் கொடுக்க பாட்டிலைத் திறந்திருந்தாள். சட்டென்று எழுந்தாள்.

"பிடிங்க மேடம்." குழந்தையை அதிதியின் மடியில் வைத்தாள். பதிலுக்கு நிற்கவில்லை.

கீழே தண்டவாளத் தொழிலாளி ஒருவர் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். போனை நீட்டி, "அண்ணா, சிக்னல்?" என்றாள். அவர் சரிவின் மேலிருந்த பாறையைக் காட்டிக் கன்னடத்தில் சொன்னார். "அல்லி ஒந்து கட்டி பருத்தே. ஜாருத்தே, நோடிகொண்டு ஹோகம்மா."

ஒரு கோடு வரும். வழுக்கும். அவ்வளவு போதும் அவளுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு, போனை இடுப்பில் செருகி, வேரைப் பிடித்து ஏறினாள். கணுக்காலில் அட்டை ஒட்டியதைப் பார்த்தும் நிற்கவில்லை. பாறையில் நின்று போனை எடுத்து உயர்த்தியபோது அது துடித்தது. ஐந்து ஓ.டி.பி. வரிசையாக விழுந்தன, எல்லாம் நேரம் கடந்தவை. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. மகளைக் கூப்பிட்டாள்.

"எங்கம்மா போன நீ?" அனுஷா அழுதுகொண்டிருந்தாள்.

"புதுசா அனுப்புடி. சீக்கிரம்."

கூட்ஸ் வண்டி தடதடவென்று கடந்துபோனது. அது ஓய்ந்ததும் கீழே ஹாரன் ஒலித்தது. அதிதி கதவருகே நின்று ஒரு கையை ஆட்டினாள். அவள் தோளில் குழந்தை. ஓர் அடி நகர்ந்தாலும் அந்த ஒற்றைக் கோடு போய்விடும் என்று வனஜாவுக்குத் தெரியும்.

எண் வந்தது. "நாலு... ஏழு... ஏழு... சைபர்... மூணு... ஒம்போது."

"போட்டுட்டேன். சுத்துதும்மா. வச்சிடாத."

வண்டி நகர்ந்தது. கண்ணாடிக் கூரை மழையில் மினுங்கிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. கடைசிப் பெட்டியும் மறைந்தது. போனில் மகள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆச்சும்மா. கன்ஃபார்ம்னு வந்துடுச்சு." அனுஷா மூக்கை உறிஞ்சினாள். "நீ எங்க இருக்க?"

"வண்டியிலதான்டி" என்றாள் வனஜா.

கோடு போய்விட்டது. கீழிருந்து அந்தத் தொழிலாளி அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வண்டி எப்போது, எதில் ஏறுவது, எந்த முகத்தோடு வைட்ஃபீல்டு போவது, எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் இடது கையைப் பார்த்தாள். ப்ரஹ்லாத்தின் பால் பாட்டில் மூடியில்லாமல், பாதி மழைத் தண்ணீரோடு அவள் கையிலேயே இருந்தது. அவனுக்கு இது பசிக்கிற நேரம்.