பன்றி விரட்டும் குரல்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கம்ப்யூட்டரை மண்வெட்டிக் காம்பால் அடித்து நொறுக்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. கோபம் நியாயமானதுதான். அடித்திருந்தால் அடி ஆள் மாறி விழுந்திருக்கும், அவ்வளவே.

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. எம்.ரெட்டியபட்டிக்குக் கிழக்கே ஒரு முதலாளியின் கரிசலில் அப்பா வாரத்துக்கு மக்காச்சோளம் போட்டிருந்தார். விதையும் பாடும் எங்களுடையவை. விளைந்ததில் பாதி அவருக்கு. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடர்ந்த பிறகு காட்டுப்பன்றிகள் அங்கே குடியேறிவிட்டன. கதிர் பால் பிடித்ததும் கூட்டமாக இறங்கும். தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். முதலாளி பைக்கில் வந்து, வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டுச் சொன்னார்: “பன்னி தின்னதெல்லாம் ஒம் பாதியில கழிஞ்சது. எம் பாதி எனக்கு முழுசா வரணும்.”

அப்பா, “சரிங்க மொதலாளி” என்றார். பகலில் கூலிக்குப் போய்விட்டு, இரவில் அப்பாவும் அம்மாவும் முறைவைத்துக் காவலுக்குப் போனார்கள். பன்றியை விரட்டக் கத்திக் கத்தி அப்பாவின் குரல் கம்மியே கிடந்தது.

சித்தப்பா தான் வெள்ளாமை வைத்திருந்த காட்டில் பேட்டரியில் ஓடும் குழாய் ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டியிருந்தார். அதிலேயே இருபது நொடி பேசிப் பதியலாம். “ஏய், ஓடு!” என்று அவர் குரலே திரும்பத் திரும்பக் கத்தும். மூன்றாம் நாள் பன்றிகள் குழாய்க்கு அடியிலேயே நின்று கதிர் கடித்தன. அந்தக் குழாயில் பென்டிரைவ் சொருகவும் இடம் இருப்பதைப் பார்த்தேன்.

“அரை மணி நேரத்துக்கு மாத்தி மாத்திப் பேசி ஏத்தணும் சித்தப்பா. எங்க கம்ப்யூட்டர்ல நான் செஞ்சு தாரேன்.”

“செஞ்சுட்டேன்னா குழாயே ஒனக்குத்தாம்ல. படிச்ச பய, பாப்போம்.”

எங்கள் வம்சத்தில் எட்டாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கம்ப்யூட்டர், அருப்புக்கோட்டையில் மூடப்போன ஒரு நெட் சென்டரிலிருந்து வந்தது. விண்டோஸ் இல்லை, லினக்ஸ் போட்டது. வைரஸ் வராது என்று சொல்லி அப்பாவிடம் மலிவாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். பாட்டுப் போட்டால் பாடும். மைக்கில் பேசினால் ஒன்றும் ஏறாது என்பது அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

அப்பா மைக்கின் முன்னால் கைகட்டி நின்றார். “என்னத்தடா பேச?”

“பன்னியப் பார்த்தா எப்பிடிக் கத்துவீங்களோ, அப்பிடித்தான்ப்பா.”

“ஏய்... ஓடு... ஓடு...” என்றார், விருந்தாளியை வழியனுப்புவதுபோல. போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. மறுபடி பேசச் சொன்னேன். இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது. கம்ப்யூட்டருக்கு மட்டும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, பன்னி வீட்டுக்குள்ளயே வந்துருச்சா?”

“ஆமா தாயி, பொட்டிக்குள்ள ஒக்காந்திருக்கு” என்றார் அப்பா.

சவுண்டு கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டினேன். பஸ் ஏறி அருப்புக்கோட்டை போய், வேறொரு நெட் சென்டரில் உட்கார்ந்து, யாரோ யாருக்கோ இங்கிலீஷில் சொன்ன வைத்தியத்தை நோட்டில் எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டில் அதைத் தட்டி, அணைத்துப் போட்டால், பாடிக்கொண்டிருந்த பாட்டும் போயிற்று. எழுதியதில் எங்கோ ஒரு எழுத்து பிசகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கெடுத்ததைச் சரிசெய்வதிலேயே கழிந்தது. அன்று அப்பாவின் காவல் முறை. “இப்ப ஏறிரும்ப்பா, இப்ப ஏறிரும்ப்பா” என்று அவரைப் பிடித்து நிறுத்தி வைத்தேன். அவர் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பாத்தி தரையோடு தரையாகக் கிடந்ததாம். காலையில் வந்து முகம் கழுவிவிட்டு நேரே கூலிக்குக் கிளம்பினார். ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒலி அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு மூலையில், முன்பக்க மைக் என்று இருந்தது. நான் மைக்கைச் சொருகியிருந்தது பின்பக்கத்து ஓட்டையில். அமைப்பைப் பின்பக்கம் என்று மாற்றி வைத்து விரலால் மைக்கைத் தட்டினேன். திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளியது. கோளாறு டிரைவரில் இல்லவே இல்லை. இந்த ஒன்றுக்காகவா மூன்று நாள்? இரண்டு பாத்தி? அப்போதுதான் மண்வெட்டியைத் தேடினேன்.

வேலை முடிந்து வந்த அப்பாவை மறுபடி நிறுத்தினேன். இந்தத் தடவையும் ஏறாது என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

“ஏய்! போ! யாரு ஒழச்சதுன்னு நெனச்ச? வெதைக்கிறப்ப நீ வந்தியா? களை எடுக்கிறப்ப வந்தியா? வரப்புல நின்னுக்கிட்டு, தின்னதெல்லாம் ஒம் பாதிங்கிறியே, பன்னி என்ன ஒம் பாதி எம் பாதின்னு பார்த்தா திங்குது? ஒனக்குப் பன்னி எவ்வளவோ தேவல! அதாச்சும் பசிச்சுத் திங்குது!” மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இங்க ஒருத்தன், மூணு நாளாப் பொட்டியச் சொரண்டுறான். படிச்சவனாம், படிச்சவன்! தூ!”

பச்சைக் கோடு உச்சிக்கும் அடிக்குமாகக் குதித்தது. நான் நிறுத்தவில்லை.

“ஏறிருச்சுப்பா” என்றேன். அவர் நம்பாமல் போடச் சொன்னார். தன் குரலைத் தானே முழுவதும் கேட்டார். அம்மா பதறினார்: “அடியாத்தி! மொதலாளியப் பேசுனத வெட்டிருய்யா.”

“இருக்கட்டும்” என்றார் அப்பா.

எனக்கு வெட்டத் தெரியும். வெட்டவும் செய்தேன்: என்னைத் திட்டிய பகுதியை மட்டும். ஊர் முன்னால் என் மானம் போகக் கூடாது என்பதுதான் எனக்கு ஓடியது. மிச்சத்தை முன்னும் பின்னுமாக ஒட்டி அரை மணி நேரமாக்கிப் பென்டிரைவில் ஏற்றி, சித்தப்பா கொடுத்த குழாயை எங்கள் காட்டில் கட்டி அதில் போட்டேன். பன்றிகள் வரவில்லை. பகலில் மயில் இறங்குகிறது என்று அப்பா காலையிலும் அதை ஓடவிட்டார். ஷேர் ஆட்டோக்கள் எங்கள் காட்டருகே மெதுவாகப் போக ஆரம்பித்தன.

நான்காம் நாள் முதலாளி வந்தார்.

“யாரச் சொல்றடா இது?”

“பன்னியத்தான் மொதலாளி.”

“பன்னி வரப்புல நின்னு பாதி கேக்குமாடா?”

பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். ஒருத்தியால் முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டாள். முதலாளியின் முகம் கறுத்தது. என் பக்கம் கையை நீட்டி, “அணைடா அத!” என்றார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “இன்னுங் கொஞ்சம் சத்தம் கூட்டலாமாடா?”

நான் பொறுப்பாக, “கூட்டுனா ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்க் குழாயை அணைத்தேன். அந்த வெள்ளாமையோடு காடு வேறு ஆளுக்குப் போனது. அதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. முதலாளி சொன்னது கட்டளை என்று எனக்கு உடனே தெரிந்தது; அப்பா சொன்னதை மட்டும் கேள்வி என்று நினைத்துக்கொண்டேன்.